காலம் தவறிய புகாருக்குக் கதவு திறக்காது

(மெர்போக் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், வேலையிடப் பாரபட்சமும் புகார்க் காலவரம்பும் என்னும் பொருள்பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



செமிலிங், பீடோங், சுங்கைப் பட்டாணிப் பக்கமிருந்தெல்லாம் வேலை முடித்து, வீட்டுக் காரியத்தையும் பார்த்துவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நான் இன்று பேச வந்திருப்பதே நேரத்தைப் பற்றித்தான்.

பால் வெட்டிய கைகளுக்கு நேரத்தின் அருமையை வேறொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து, பிரட்டில் பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் மரத்தை வெட்டி, மங்கில் பால் பாலாக இருக்கும்போதே வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரம் தவறினால் அது மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாகிவிடும். மரம் அதே மரம். உழைப்பு அதே உழைப்பு. விலை மட்டும் இறங்கிவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும் இதே கதைதான். வெட்டிய குலை நாள்பட்டுக் கிடந்தால் ஆலைக்காரன் விலையைக் குறைக்கிறான்.

தொழிலாளியின் நியாயமும் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கட்டிப்பாலுக்காவது ஒரு விலை கிடைக்கும். காலம் தவறிய வேலைநீக்கப் புகாருக்கு, நம் நாட்டுத் தொழில் உறவுச் சட்டத்தில், ஒரு காசுகூடக் கிடைக்காது. இதைத்தான் இன்று உங்கள் மனதில் பதிய வைக்க விரும்புகிறேன்.

அறுபது நாள் கணக்கு

1967-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத்தில் 20-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். நியாயமான காரணமில்லாமல் நிர்வாகம் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், "என் வேலையைத் திரும்பக் கொடு" என்று தொழில் உறவு இலாகாவின் தலைமை இயக்குநருக்கு எழுத்து மூலம் மனுச் செய்யும் உரிமையை அந்தப் பிரிவுதான் தருகிறது. வேலை செய்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த இலாகாவின் அலுவலகத்திலேயே மனுவைக் கொடுக்கலாம்.

உரிமையைக் கொடுத்த சட்டம் கூடவே ஒரு பூட்டையும் மாட்டியிருக்கிறது. வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு வந்து சேராவிட்டால் தலைமை இயக்குநர் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. "ஏற்காமல் விடலாம்" என்று அவர் விருப்பத்துக்கு விடவில்லை. "ஏற்கக் கூடாது" என்றே சொல்லியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மார்ச் 1-ஆம் தேதி வேலை நீக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதத்தில் மீதி 30 நாள், ஏப்ரலில் 30 நாள், ஆக ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சரி. இடையில் சித்திரை வருஷப் பிறப்பு வருகிறது. ஊரில் கோயில் திருவிழா வருகிறது. மகளுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். "திருவிழா கழியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டு மே மாதம் முதல் வாரத்தில் சங்க ஆபீசுக்கு வந்தால், அந்தத் தொழிலாளியின் கண்ணீரை நாம் துடைக்கலாம்; அந்தக் கதவைத் திறக்க முடியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன?

முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து நீக்கினால், நோட்டீஸ் காலத்திலேயே மனுப் போடலாம். நோட்டீஸ் முடிந்த நாளிலிருந்து 60 நாள் வரையிலும் போடலாம். அதற்கு மேல் இல்லை.

"நாங்கள் படிக்காதவர்கள். கொஞ்சம் பிந்தினால் கோர்ட்டு இரக்கம் காட்டாதா?" என்று ஒரு பெரியவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தக் கேள்விக்கு நம் நாட்டின் மேல் நீதிமன்றம் பல ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் ஒரு ரப்பர்ச் சாமான் கம்பெனியின் வழக்குதான். பங் கியோங் ரப்பர் உற்பத்திக் கம்பெனிக்கும் லீ எங் கியாட் என்பவருக்கும் நடந்த வழக்கு அது. 1981-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது வெளிவந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சட்டம் கொடுத்த அவகாசம் ஒரு மாதம்தான். பிறகுதான் அது 60 நாளாயிற்று. மனு ஒரு மாதத்தைத் தாண்டி வந்தது. கூட்டரசு நீதிமன்றம் சொன்ன முடிவு என்ன? இந்தக் காலவரம்பு கட்டாயமானது. அதைத் தாண்டி வந்த மனுவை எடுத்துக்கொள்ளும் அதிகாரமே இல்லை என்பதுதான்.

தோழர்களே, இதன் பொருளை நன்றாக உணர வேண்டும். தொழில் நீதிமன்றம் சட்ட நுணுக்கங்களுக்குள் சிக்காமல் நியாயத்தையும் மனச்சாட்சியையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று அதே 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! ஆனால் அந்த மனச்சாட்சி நீதிமன்றத்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. காலவரம்பு வாசலில் நிற்கிறது. வாசலைத் தாண்டினால்தானே உள்ளே இருக்கிற மனச்சாட்சியைப் பார்க்க முடியும்?

60 நாள் போனபின் சிவில் கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம், அங்கே ஆறு வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வேலை திரும்பக் கிடைக்காது. பெரும்பாலும் நோட்டீஸ் காலத்துச் சம்பள அளவுக்கே நஷ்டஈடு கிடைக்கும். வக்கீல் கட்டணத்துக்கே அது போதாது.

ஒரு நாள் தாமதத்தின் விலை

தாமதம் எவ்வளவு பணத்தைச் சாப்பிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் நீதிமன்றம் ஒரு வேலைநீக்கம் நியாயமற்றது என்று கண்டால், வேலை இல்லாதிருந்த காலத்துப் பின்சம்பளமாக 24 மாதச் சம்பளம் வரை தரும்படி உத்தரவிடலாம். அதற்குமேல் வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம். அது சரிப்படாதென்றால் வேலைக்குப் பதிலாக, ஒரு வருஷச் சேவைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் நஷ்டஈடு கொடுக்கச் சொல்வது வழக்கம்.

2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். 15 வருஷம் உழைத்த ஒரு பெண்மணிக்கு 24 மாதப் பின்சம்பளம் 40,800 வெள்ளி. வேலைக்குப் பதிலான நஷ்டஈடு 25,500 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 66,300 வெள்ளி. இது உச்சவரம்புக் கணக்கு. அந்த இடைக்காலத்தில் வேறிடத்தில் சம்பாதித்ததையும், அவர் பக்கத்துத் தவறு ஏதும் இருந்தால் அதையும் பார்த்து நீதிமன்றம் குறைக்கும். குறைத்தாலும் ஒரு குடும்பம் தலைநிமிர அது போதும். 60-ஆவது நாள் இவ்வளவுக்கும் வாசல் திறந்திருக்கிறது. 61-ஆவது நாள் அடைபட்டுவிடுகிறது.

பாரபட்சம் சத்தமில்லாமல் வருகிறது

இனி இன்றைய பொருளின் கடினமான பகுதிக்கு வருகிறேன். வேலைநீக்கம் என்பது ஒரு நாளில் நடப்பது. கடிதம் கையில் வருகிறது, தேதி தெரிகிறது, கணக்கைத் தொடங்கிவிடலாம். பாரபட்சம் அப்படி வருவதில்லை.

சங்கத்துக்காகப் பேசியவருக்குப் பால் குறைந்த நிரை கொடுக்கப்படுகிறது. கேட்டால் "மழைக்காலம்" என்பார்கள். பெண்ணுக்கு மேட்டுப் பாதை, ஆணுக்கு ரோட்டோரம். கேட்டால் "முறைப்படி வந்தது" என்பார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறதென்று தெரிந்தவுடன் ஒப்பந்த வேலை புதுப்பிக்கப்படவில்லை. கேட்டால் "வேலை குறைந்துவிட்டது" என்பார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சின்ன விஷயம். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான், "ஓகோ, இதற்குள் ஒரு திட்டம் இருந்திருக்கிறதே" என்று புரிகிறது. அதற்குள் காலம் ஓடிவிடுகிறது.

ஒரு காலத்தில் பாரபட்சம் ஒளிந்து வரவில்லை. 1920-களின் கடைசியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்குச் சர்க்காரே வைத்த நிர்ணயக் கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பத்துக் காசு பாரபட்சம் சர்க்கார் உத்தரவிலேயே அச்சேறியிருந்தது. அதை எதிர்த்து முறையிட ஒரு நீதிமன்றமும் இல்லை. வேலைநிறுத்தம் ஒன்றுதான் தொழிலாளியின் வாயாக இருந்தது. 1947-இல் இதே கெடாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது போலீஸ் பாய்ந்தபோது உயிர்ப்பலியும் நேர்ந்தது. அந்த நிலைமையிலிருந்துதான் சங்கமும், கூட்டு ஒப்பந்தமும், தொழில் நீதிமன்றமும் உள்ள நிலைமைக்கு வந்திருக்கிறோம். உயிரைக் கொடுத்து வாங்கிய வாசலை, தேதி பார்க்காமல் விட்டுவிடலாமா?

டயர்த் தொழிற்சாலையில் ஒரு பெண்

பாரபட்சம் தாமதமாகத்தான் தெரியவரும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. அதுவும் ரப்பரோடு சம்பந்தப்பட்டது. நம் முன்னோர் வெட்டிய பாலெல்லாம் கடைசியில் டயராகத்தானே கப்பலேறிப் போயிற்று? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் காட்ஸ்டன் என்ற ஊரில் குட்இயர் கம்பெனியின் டயர்த் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1979-இலிருந்து 1998 வரை வேலை பார்த்தவர் லில்லி லெட்பெட்டர் என்ற பெண்மணி. மேற்பார்வைப் பதவியில் இருந்தார். கடைசிக் காலத்தில் அவர் சம்பளம் மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவரின் சம்பளம் 4,286 டாலர். மிக அதிகமாக வாங்கியவரின் சம்பளம் 5,236 டாலர்.

இத்தனை வருஷம் இது அவருக்குத் தெரியாது. யாரோ பெயர் போடாமல் எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டிலிருந்துதான் தெரிந்துகொண்டார். வழக்குப் போட்டார். ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2007-ஆம் ஆண்டு மே மாதம் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நான்கு நீதிபதிகள் மறுபக்கமும் நின்றார்கள். "சம்பளத்தை நிர்ணயித்த நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது" என்பது பெரும்பான்மையோர் முடிவு. தமக்கு இழைக்கப்பட்ட அநியாயம் தமக்கே தெரியாதபோது அவர் எப்படி 180 நாளுக்குள் புகார் செய்திருக்க முடியும்? மாறுபட்ட தீர்ப்பெழுதிய ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்ற பெண் நீதிபதி இதைத்தான் வற்புறுத்தினார். சட்டத்தைத் திருத்துவது இனி நாடாளுமன்றத்தின் கையில் என்றும் எழுதினார்.

லில்லி சும்மா இருக்கவில்லை. தமக்குக் காசு வராது என்று தெரிந்தும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் துணை நின்றன. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி ஜனாதிபதி ஒபாமா அவர் பெயராலேயே ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பாரபட்சமான சம்பளம் ஒவ்வொரு தடவை கையில் கொடுக்கப்படும்போதும் காலக்கணக்குப் புதிதாகத் தொடங்கும் என்று அச்சட்டம் சொல்லிற்று. அவருக்கு அந்தக் கம்பெனியிடமிருந்து ஒரு காசும் கிடைக்கவில்லை. 2024-இல் அவர் காலமானார். அவருக்குப் பின்னால் வருகிற பெண்களுக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

இங்கிலாந்தின் வழியும் கவனிக்கத் தக்கது. 2010-ஆம் ஆண்டில் அவர்கள் இயற்றிய சமத்துவச் சட்டம் வேலையிடப் பாரபட்சப் புகாருக்கு மூன்று மாதம் கொடுத்தது. ஆனால் தாமதித்து வந்தாலும், நியாயமென்று பட்டால் அவகாசத்தை நீட்டிக் கொடுக்கும் அதிகாரத்தையும் தீர்ப்பாயத்துக்கு அதே சட்டம் கொடுத்தது. இந்தியாவில் தொழில் தகராறுச் சட்டத்துக்கு 2010-இல் செய்த திருத்தம், வேலை நீக்கப்பட்டவர் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போக மூன்று வருஷம் கொடுத்தது. இவற்றோடு நம் 60 நாளை ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு குறுகிய வாசல் என்பது விளங்கும்.

நம் நாட்டில் பாரபட்சத்துக்குத் தனி வாசல்

நம் நாட்டிலும் ஒரு பெண்மணியின் வழக்கை நாம் மறக்கக் கூடாது. பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். கர்ப்பமானால் வேலையை விட வேண்டும் என்று அங்கே விதி. அவர் விட மறுத்தார். 1991-இல் நீக்கப்பட்டார். 14 வருஷம் போராடி 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போனார். அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, ஆண் பெண் என்று பார்க்காமல் சமமாக நடத்த வேண்டும் என்கிறது; அதில் பால் வேற்றுமை கூடாது என்ற சொல் 2001-இல்தான் சேர்க்கப்பட்டது. ஆனால் அரசமைப்புச் சட்டம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், இத்தகைய வேலை ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

அந்த விதி எங்கே இருந்தது தெரியுமா தோழர்களே? தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது! சங்கத்தில் பொறுப்பேற்றிருக்கிற நாம் ஒவ்வொருவரும் இதைச் சிந்திக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் பெண் தொழிலாளியின் கண்ணாலும் படித்துப் பார்க்க வேண்டும்.

அரசாங்க வேலையில் நிலைமை வேறாயிற்று. நூர்ஃபடில்லா என்ற பெண்மணிக்குக் கொடுத்த தற்காலிக ஆசிரியை வேலையை, கர்ப்பமாக இருக்கிறார் என்பதற்காகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2011-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அது அரசமைப்புச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. ஆக அரசாங்கம் செய்தால் குற்றம். தனியார் முதலாளி செய்தால் கேட்பாரில்லை. இப்படித்தான் இருந்தது நிலைமை.

2023 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம் இதில் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற புதுப் பிரிவு சேர்ந்திருக்கிறது. வேலையிடத்தில் பாரபட்சம் சம்பந்தமாகத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் ஏற்படும் தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். அதன் பிறகும் மீறினால் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 வெள்ளி வரை அபராதம். வெளிநாட்டுத் தொழிலாளியோடு ஒப்பிட்டு உள்நாட்டுத் தொழிலாளியைக் கீழாக நடத்தினாலும், உள்நாட்டவரோடு ஒப்பிட்டு வெளிநாட்டவரைக் கீழாக நடத்தினாலும், 60எல் பிரிவின்கீழ் புகார் செய்யலாம். நம்மோடு தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்துத்தானே நம் கூலியையும் இழுக்கிறார்கள்?

கர்ப்பமாக இருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்வதையும் அதே திருத்தம் தடுக்கிறது. ஒழுங்கீனம், வேலை ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறியது, தொழிலையே மூடியது என்ற காரணங்கள் தவிர வேறெதற்கும் நீக்கக் கூடாது. காரணம் கர்ப்பமல்ல என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளியின் பொறுப்பு. பிரசவ லீவு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று.

குறைகளும் இருக்கின்றன. பாரபட்சம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்கிச் சொல்லவில்லை. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே என்று இருப்பதால், வேலை கேட்டுப் போய் மறுக்கப்பட்டவருக்கு அதில் இடமில்லை.

இரண்டு வாசல், எது எதற்கு?

இதில் ஒரு குழப்பம் வருவதுண்டு. கூர்ந்து கேளுங்கள். ஒன்று ஜபாத்தான் தெனாகா கெர்ஜா, அதாவது தொழிலாளர் இலாகா. சம்பளப் பாக்கி, லீவு, பிரசவச் சம்பளம், பாரபட்சம் ஆகியவை அங்கே. மற்றொன்று ஜபாத்தான் பெர்ஹுபுங்ஙான் பெருசஹாஆன், அதாவது தொழில் உறவு இலாகா. வேலைநீக்கம், வேலையைத் திரும்பக் கேட்பது ஆகியவை அங்கே. பெயர்ப்பலகையைப் பார்த்துப் போக வேண்டும். வேலைநீக்க வழக்கைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் இலாகாவில் வரிசையில் நின்று, அங்கே விசாரணை நடக்கிறதென்று நம்பிக் காத்திருந்தால், மறுபக்கத்தில் 60 நாள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

69எஃப் பிரிவில் நாள் கணக்குப் போடவில்லையே, மெதுவாகப் போகலாமே என்று நினைக்க வேண்டாம். பாரபட்சம் வேலைநீக்கத்தில் போய் முடிந்தால் 60 நாள் கணக்கு வந்துவிடும். இரண்டு வாசலில் எது முதலில் மூடுகிறதோ அதை முதலில் பார்க்க வேண்டும். நிர்வாகத்துக்கு அப்பீல் எழுதியிருக்கிறேன், துரை பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்து. அப்பீலும் எழுதுங்கள், மனுவும் போடுங்கள். பதில் நல்லபடியாக வந்தால் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். போடாத மனுவை எங்கிருந்து கொண்டுவருவது?

தீர்ப்புக்கு மேல் முறையீடு

மனுப் போட்ட பின் என்ன நடக்கும்? இலாகா அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார். சங்க அதிகாரி உங்களோடு உட்காரலாம். சமரசம் ஆகவில்லையென்றால் முன்பெல்லாம் வழக்கு அமைச்சரிடம் போகும். அவர் விரும்பினால் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புவார், இல்லையென்றால் இல்லை. 2021 ஜனவரி முதல் அந்த நிலை மாறியது. சமரசத்துக்கு வழியில்லையென்றால் தலைமை இயக்குநரே நேராகத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். இது தொழிலாளிக்குக் கிடைத்த நல்ல வெற்றி.

தொழில் நீதிமன்றத்தில் தோற்றால் கதை முடிந்ததா? இல்லை. இதிலும் ஒருவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ராமச்சந்திரன் என்பவர் ஆட்குறைப்பு என்ற பெயரில் நீக்கப்பட்டார். தொழில் நீதிமன்றத்தில் தோற்றார். உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். 1996-இல் கூட்டரசு நீதிமன்றம் அவர் வழக்கை எடுத்து, தீர்ப்பு எந்த முறையில் வந்தது என்பதை மட்டுமல்லாமல் அதன் உள்ளடக்கத்தையும் பார்க்க மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு என்று சொல்லி, நஷ்டஈட்டையும் தானே கொடுத்தது. திரும்பவும் கீழே அனுப்பி அலைக்கழிக்கவில்லை. 2010-இல் ரஞ்சித் கவுர் என்ற பெண்மணியின் வழக்கும் அந்த வழியை உறுதிப்படுத்திற்று.

இப்போது தொழில் நீதிமன்றத் தீர்ப்பின்மேல் நேராக உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்யலாம். ஆனால் அதற்கும் ஒரு பூட்டு: தீர்ப்புக் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாள். பதினான்கே நாள்! தீர்ப்பு வந்த அன்றே சங்கத்துக்குத் தகவல் வர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கடிதம் கையில் கிடைத்த தேதியைக் கடிதத்தின் மேலேயே எழுதுங்கள். வாய்ச் சொல்லால் நிறுத்தினால், யார், எப்போது, யார் முன்னிலையில் சொன்னார் என்று அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, மனுவில் "வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். பணம் மட்டும் போதும் என்று எழுதாதீர்கள். அலுவலக முத்திரையும் தேதியும் உள்ள நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, பாரபட்சம் என்று சந்தேகம் தட்டிய நாளிலிருந்தே குறிப்பு எழுதுங்கள். எந்த நிரை யாருக்குக் கொடுக்கப்பட்டது, எத்தனை நாள் வேலை தந்தார்கள், உங்கள் சம்பளச் சீட்டில் என்ன, பக்கத்து ஆள் சீட்டில் என்ன என்று பாருங்கள். லில்லிக்குக் கிடைத்ததுபோல் பெயரில்லாத துண்டுச் சீட்டு எல்லாருக்கும் கிடைக்காது. சம்பளத்தை ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில் வெட்கமென்ன? ஒளித்து வைப்பதால் லாபமடைகிறவன் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு புத்தகம் வைக்க வேண்டும். வேலைநீக்கம் நடந்த தேதி, 60-ஆவது நாள் விழும் தேதி, மனுப் போட்ட தேதி ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். மாதக் கூட்டத்தில் அதைப் படிக்க வேண்டும். ஒரு தொழிலாளி தனியாக நாளை எண்ணினால் மறந்துபோவார். சங்கம் எண்ணினால் மறக்காது.

ஐந்தாவது, சட்டத்தையும் மாற்றக் கேட்க வேண்டும். நியாயமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் தலைமை இயக்குநருக்கும் நீதிமன்றத்துக்கும் கொடுக்க வேண்டும். நோய்ப்படுக்கையிலிருந்தவர், பிரசவத்திலிருந்தவர், பாரபட்சத்தைப் பின்னால் தெரிந்துகொண்டவர் ஆகியோருக்குக் கதவைச் சாத்துவது நியாயமாகாது. பாரபட்சம் என்றால் என்னவென்று சட்டம் விளக்க வேண்டும். வேலை தேடுகிறவரையும் அது காக்க வேண்டும். இதைக் கேட்பது சங்கத்தின் கடமை.

ஆனால் சட்டம் மாறும் வரை, இருக்கிற சட்டம்தான் சட்டம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள் நம் வீட்டுக் கிழவிகள். "கொஞ்சம் பொறு, பிறகு பார்க்கலாம்" என்று நிர்வாகத்தார் இனிமையாகச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பழமொழியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் "பிறகு" 60-ஆவது நாளைத் தாண்டி வந்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். "நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்று வாயை மூடிக்கொண்டு எத்தனையோ பேர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். இனி யாரும் அப்படிப் போகக் கூடாது. அநியாயம் செய்தவர் வெட்கப்படட்டும். கடிதம் வந்த வாரமே வாருங்கள். தனியாக வரத் தயக்கமென்றால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சங்கத்தின் கதவுக்குக் காலவரம்பு கிடையாது. ஆனால் சட்டத்தின் கதவுக்கு உண்டு.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!